பாடசாலையில் பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால்...

காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சீருடை உடுத்தி, தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறோம். பகல் ஒன்றரை மணிவரை அவள் ஆசிரியர்களின் பொறுப்பு என்ற நிம்மதியோடு சமையலைக் கவனிக்கிறோம்; தொழிலைப் பார்க்கிறோம்.

ஆனால் தாய்மார்களே, வகுப்பறையில் அவள் திடீரென மயங்கி விழுந்தால் முதலில் யார் ஓடி வருவார்? வருகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா? எந்த வாகனத்தில், எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு போவார்கள்? உங்களுக்கு யார் அறிவிப்பார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் உங்களிடம் விடை இருக்கிறதா? இல்லையென்றால் இக்கட்டுரை உங்களுக்காகத்தான்.

பதுங்குகுழி வெட்டிய காலம்

ஆபத்துக்கு ஆயத்தமாக இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குப் புதிதல்ல. போர்க் காலத்தில் இங்குள்ள பாடசாலைகள் பலவற்றின் வளவுகளில் பதுங்குகுழிகள் இருந்தன. விமானத்தின் இரைச்சல் கேட்டதும் எங்கே ஓட வேண்டும், எப்படிக் குப்புறப் படுக்க வேண்டும் என்பது முதலாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

அப்படித் தெரிந்திருந்தும் காப்பாற்ற முடியாத நாட்கள் இருந்தன. 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயம் இயங்கிக்கொண்டிருந்த வேளையில் விமானப்படையினர் குண்டு வீசினர். இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தார்கள். காயப்பட்ட பிள்ளைகளை மந்திகை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். அந்தத் தாய்மாரின் கண்ணீர் இன்றும் காயவில்லை.

குடாநாட்டின் முஸ்லிம் குடும்பங்கள் அந்த நாட்களில் இங்கே இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் பிற ஊர்களிலும் அகதி வாழ்க்கை வாழ்ந்தார்கள். 2002இன் போர்நிறுத்தத்தின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். ஒஸ்மானியாக் கல்லூரியிலும் கதீஜா மகளிர் பாடசாலையிலும் மீண்டும் பிள்ளைகளின் குரல் கேட்கிறது.

இன்று பதுங்குகுழிகள் மூடப்பட்டுவிட்டன. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அவற்றோடு சேர்த்து, “ஏதாவது நடந்தால் என்ன செய்வது?” என்று முன்கூட்டியே யோசிக்கும் வழக்கத்தையும் மூடிவிட்டோமோ என்பதுதான் நமது கவலை.

ஆபத்து வேறு உருவில் வருகிறது

இன்றைய ஆபத்துகள் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. விளையாட்டுப் போட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் மாணவனின் நெஞ்சு திடீரென அடைக்கிறது. இழுப்புக்காரப் பிள்ளைக்குத் தூசியினால் மூச்சு முட்டுகிறது. நீரிழிவுள்ள சிறுமிக்குச் சீனி இறங்கிவிடுகிறது. பனங்காணியின் ஓரத்திலோ விறகுக் கும்பத்திலோ சுருட்டை விரியன் தீண்டுகிறது. வடகீழ்ப் பருவ மழையோடு டெங்கு வருகிறது.

2024 மார்ச் மாதத்தில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட மாணவன் ஒருவன் உயிரிழந்தான். ஓட்டத்துக்கு முன் மாணவர்களின் உடல்நிலையை யார் பார்க்க வேண்டும், ஓடும் வழியில் முதலுதவிக்கு யார் நிற்க வேண்டும் என்ற கேள்விகள் அதன் பிறகுதான் நாடெங்கும் பேசப்பட்டன. ஒரு தாய் பிள்ளையை இழந்த பிறகு கேட்கும் கேள்வியை, இழக்கும் முன்பே கேட்டால் என்ன?

நாமே மறைக்கும் நோய்

பாடசாலைமீது குறை சொல்லும் முன்பு நம் வீட்டுக்குள் ஒரு தடவை பார்ப்போம்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு வலிப்பு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் மருந்து எடுக்கிறாள். ஆனால் உம்மாவும் வாப்பாவும் இதை வெளியில் சொல்வதில்லை. “நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும்போது யாராவது சொல்லிவிட்டால்?” என்ற பயம். வகுப்பாசிரியைக்குத் தெரியாது. அருகில் இருக்கும் தோழிக்கும் தெரியாது.

ஒரு நாள் வகுப்பிலேயே வலிப்பு வந்துவிடுகிறது. ஒருவர் கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கிறார். ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டியை வைக்கிறார். வேறொருவர் மயக்கத்தில் இருப்பவளின் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார். அத்தனை பேரும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அத்தனையும் தவறு! பல் உடையலாம், எலும்பு முறியலாம், தண்ணீர் மூச்சுக் குழாயில் இறங்கி உயிருக்கே உலையாகலாம்.

உலகில் சுமார் 5 கோடிப் பேர் இந்த நோயுடன் வாழ்கிறார்கள் என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைக் காரணமாகக் காட்டும் பகுதி 1999இல் நீக்கப்பட்டது. சட்டமே மாறிவிட்டது, நம் மனம் மாறவில்லை.

மானம் காக்க மறைக்கிறோம். அந்த மறைப்பே பிள்ளையின் உயிருக்கு வினையாகலாம். ஊருக்கெல்லாம் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதிபர், வகுப்பாசிரியர், சுகாதாரத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் ஆகிய மூவருக்குச் சொன்னால் போதும். அதை ஆசிரியர் ஓய்வறையின் பேச்சாக்காமல் அமானிதமாகக் காப்பது பாடசாலையின் கடமை. இந்த நம்பிக்கையைப் பாடசாலை தராவிட்டால் எந்தத் தாயும் வாய் திறக்க மாட்டாள்.

முதல் பத்து நிமிடம்

வைத்தியர் வந்து சேரும்வரை நடப்பதைத்தான் ‘முதலுதவி’ என்கிறோம். ஒவ்வோர் ஆசிரியரும், மேல் வகுப்பு மாணவர்களும், வீட்டில் உள்ளவர்களும் இவற்றைத் தெரிந்திருக்க வேண்டும்.

வலிப்பு வந்தால்: பிள்ளையைச் சுற்றியுள்ள மேசை கதிரைகளை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மெத்தென ஏதாவது வையுங்கள். கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலோ உடனே வைத்தியசாலைக்கு!

இழுப்பு வந்தால்: படுக்கவைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரவையுங்கள். பிள்ளையின் நீல நிற இன்ஹேலரைக் கொடுங்கள். அது வீட்டு அலுமாரியில் இருந்து பயனில்லை. புத்தகப் பையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2014 ஒக்டோபர் முதல், அவசரத்துக்கென ஓர் இன்ஹேலரைப் பாடசாலையே வாங்கி வைத்திருக்கச் சட்டம் இடமளிக்கிறது. மூச்சு குறையாவிட்டால், பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால் தாமதிக்க நேரமில்லை.

பாம்பு தீண்டினால்: பிள்ளையை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். காப்பு, மோதிரம், சப்பாத்து ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கேடு. விஷக்கல் வைப்போம், பார்வை பார்ப்போம் என்று அலைவது பொன்னான நேரத்தைத் தின்றுவிடும். பாம்பை அடித்துப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் இருக்கிறது.

சீனி இறங்கினால்: நீரிழிவுள்ள பிள்ளை வியர்த்து, நடுங்கி, தடுமாறிப் பேசினால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி கரைத்த தண்ணீரோ இனிப்பான பானமோ கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ரமழானில் இந்தப் பிள்ளைகள் “எல்லோரும் நோன்பு, நான் மட்டும் எப்படி?” என்று மறைத்து நோற்பதுண்டு. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பிள்ளைக்கு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

காய்ச்சல் என்றால்: பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். வகுப்பில் காய்ச்சல் தொடங்கினால் ஆசிரியர் தன் கைப்பையிலுள்ள மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை இரத்தப் போக்கை உண்டாக்கும்.

தூரமும் நேரமும்

முன்பெல்லாம் நம் நாட்டில் அம்பியூலன்ஸ் என்றால் ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொரு வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி என்றுதான் பொருள். 2016இல் இந்தியாவின் உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் ‘சுவசெரிய’ இலவச சேவை தொடங்கியது. 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு அது வடக்கிற்கும் வந்தது. இலக்கம் 1990. பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியிலேயே வருவார். இந்த நான்கு இலக்கங்கள் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

எந்த வைத்தியசாலை என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை நகரத்தவர்க்கு அருகில். வடமராட்சிக்கு மந்திகை, தென்மராட்சிக்குச் சாவகச்சேரி, வலிகாமம் வடக்குக்குத் தெல்லிப்பழை, தீவகத்துக்கு ஊர்காவற்றுறை என ஆதார வைத்தியசாலைகள் உண்டு. நெடுந்தீவுப் பிள்ளைக்கோ குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம் இருக்கிறது. வைத்தியசாலை எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு அந்தப் பாடசாலையின் முதலுதவி வலுவாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்புவதும் பொறுப்புத்தான்

2024 நவம்பர் 26ஆம் திகதியை நாம் மறக்க முடியாது. அம்பாறை மாவட்டத்தின் காரைதீவில், வெள்ளம் பாய்ந்த வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்கள் ஆறு பேர் மௌத்தானார்கள். மழைக்காக விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

ஆபத்து நேரத்தில் பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்புவதுதான் பாதுகாப்பு என்று எண்ணுகிறோம். எப்போதும் அப்படியல்ல. சில வேளைகளில் உறுதியான கட்டடத்திலேயே அவர்களை வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. எப்போது அனுப்புவது, எந்த வழியால், யார் கையில் ஒப்படைப்பது என்பவற்றை வெள்ளம் வரும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். குர்ஆன் மத்ரஸாக்களுக்கும் மாலை நேர டியூசன் வகுப்புகளுக்கும் இது பொருந்தும்.

நீங்கள் செய்ய வேண்டியது

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடத்துகிறார்கள். அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். நோயை மறைக்கவும் சொல்லாதீர்கள்.

ஒரு தாளை எடுங்கள். பிள்ளையின் பெயர், நோய், எடுக்கும் மருந்து, ஒவ்வாத மருந்து, உங்கள் இருவரின் தொலைபேசி இலக்கம், நீங்கள் கிடைக்காவிட்டால் அழைக்க மாமாவினதோ சாச்சாவினதோ இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே போய்வரும் குடும்பங்கள், கிளினிக் கொப்பி எந்த ஊரில் இருந்தாலும் அதன் பிரதி ஒன்றை இத்துடன் இணையுங்கள். “அவசரமென்றால் எங்களுக்காகக் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்” என்று எழுதிக் கையொப்பமிட்டு அதிபரிடம் நேரில் கொடுங்கள்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே, அதன் சாவி யாரிடம்? பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளையோடு வைத்தியசாலைக்குப் போகப் பெண் ஆசிரியை ஒருவர் குறிக்கப்பட்டிருக்கிறாரா? கிணற்றுக்கு மூடி உண்டா? ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்கிறீர்களா?

“இந்த உம்மாவுக்கு வேறு வேலை இல்லையா?” என்று யாராவது முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும். நீங்கள் கேட்பது உங்கள் ஒரு பிள்ளைக்காக மட்டுமல்ல. தன் பிள்ளையின் நோயைச் சொல்லத் தயங்கிக் கடைசி வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு தாய்க்காகவும்தான். நீங்கள் எழுந்தால் அவளும் எழுவாள்.