புது லேப்டாப் வாங்கப் போறீங்களா? ‘ஐ5’ ஸ்டிக்கரை மட்டும் பார்த்து பணம் கட்டாதீங்க... முதல்ல கவனிக்க வேண்டியது இதுதான்!

தென்காசி மாவட்டம் பனவடலிசத்திரத்தில் இருக்கும் ஒரு குடும்பம், காலேஜ் சேர்ந்த பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் சங்கரன்கோவில், மறுபக்கம் திருநெல்வேலி என பஸ் ஏற வேண்டும். சேமிப்பு, நகைக்கடன், இஎம்ஐ என எப்படியோ புரட்டிய பணம். அந்த லேப்டாப் குறைந்தது 4 வருஷமாவது உழைக்கணும். ஆனால் கடையில் பேச்சு பெரும்பாலும் “ஐ3 வேணுமா, ஐ5 வேணுமா?” என்றுதான் ஆரம்பிக்கும். உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

ஐ5 என்றாலே வேகமா?

இல்லை. ஐ5 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. அது எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம்.

உதாரணத்துக்கு, 2016-ல் வந்த ‘ஐ5-7200யு’ பிராசஸரில் இருப்பது 2 கோர்கள். 2022-ல் வந்த ‘ஐ3-1215யு’ பிராசஸரில் 6 கோர்கள். பெயரில் சின்னதாகத் தெரியும் இந்த ஐ3, அந்த ஐ5-ஐ எளிதாகத் தாண்டிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வகை இன்டெல் பெயர்களில் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்க. 7200 என்றால் 7-வது தலைமுறை. 1215 என்றால் 12-வது தலைமுறை. புதிய மாடல்களில் ‘ஐ’ எழுத்தே இல்லாமல் ‘கோர் 3’, ‘கோர் 5’ என்றும் வருகிறது.

செகண்ட் ஹேண்ட் ‘ஐ5’... உஷார்!

குறைந்த விலையில் கிடைக்கும் பழைய லேப்டாப்களில் இன்னொரு சிக்கல் இருக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்பவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் நீட்டிப்பு.

சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், மேலே சொன்ன ஐ5-7200யு மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை. பொதுவாக இன்டெல் 8-வது தலைமுறை அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்கும். வேறு வழியில் ஏற்றித் தருவதாகக் கடையில் சொன்னாலும், அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரில் பேங்க் கணக்கைத் திறப்பது ஆபத்து.

அப்படின்னா முதல்ல எதைப் பார்க்கணும்? ராம்!

ஒரு சமையலறையை நினைச்சுக்கோங்க. பிராசஸர் என்பது சமைப்பவரின் கை. ராம் என்பது சமையல் மேடை. எஸ்எஸ்டி என்பது சாமான் வைக்கும் பரண். மேடை சின்னதாக இருந்தால், எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும் பாத்திரத்தை எடுத்து எடுத்து வைப்பதிலேயே நேரம் போய்விடும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப் திணறுவது இதனால்தான்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச ராம் 4 ஜிபி. ஆனால் பிரவுசரில் நாலைந்து பக்கம், ஒரு ஆன்லைன் கிளாஸ், ஒரு வேர்டு ஃபைல் என்று சேர்ந்தால் அது போதாது.

* படிப்பு, ஆபீஸ் வேலை: குறைந்தது 8 ஜிபி
* கோடிங், வீடியோ எடிட்டிங், இன்ஜினியரிங் டிசைன்: 16 ஜிபி

“இப்போ 8 வாங்குங்க, அப்புறம் ஏத்திக்கலாம்” என்று சொன்னால் உடனே தலையாட்டாதீங்க. மெலிதான பல லேப்டாப்களில் ராம் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தாலும் செலவு அதிகம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது.

கடையிலேயே செக் பண்ணுவது எப்படி?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் ஒன்றாக அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஒரு இடம் காலி. பிறகு ராம் ஏற்றலாம். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால், அந்த ராம் பற்ற வைத்தது.

அதே பக்கத்தில் டிஸ்க் என்பதைத் தொட்டால் எஸ்எஸ்டியா, பழைய ஹார்டு டிஸ்க்கா என்று தெரியும். ஹார்டு டிஸ்க் என்றால் வேண்டாம். ரொம்ப மலிவான மாடல்களில் வரும் ‘இஎம்எம்சி’ வகையும் நல்ல எஸ்எஸ்டியை விட மெதுவானதே. 256 ஜிபி எஸ்எஸ்டி போதும், 512 என்றால் தாராளம்.

அரசு லேப்டாப் ஒரு நல்ல அளவுகோல்

2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என தமிழக அரசு 2025 மார்ச் 14 பட்ஜெட்டில் அறிவித்தது. 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில் இருப்பது ஐ3 அல்லது ரைசன் 3 பிராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சாதாரண காலேஜ் படிப்புக்கு இந்த அளவு போதும். காசு போட்டு வாங்கும் முன், பிள்ளையின் பெயர் அந்தத் திட்டத்தில் வருமா என்று கல்லூரியில் ஒருமுறை கேட்டுவிடுங்க.

ரிப்பேர் ஆனால் யார் வருவாங்க?

நகரத்தில் இருப்பவர்கள் இதைப் பெரிதாக யோசிக்க மாட்டாங்க. ஆனால் கிராமத்தில் இருந்து வாங்குபவர்களுக்கு ராமுக்கு அடுத்து இதுதான் முக்கியம். ‘ஆன்சைட் வாரன்டி’ என்றால் ஆள் வீட்டுக்கே வந்து சரிசெய்வார். ‘கேரி இன்’ என்றால் நாம்தான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகணும். பெட்டியில் ஆன்சைட் என்று போட்டிருந்தாலும் எல்லா ஊருக்கும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. பணம் கட்டும் முன், கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு உங்க ஊர் பின்கோடைச் சொல்லிக் கேளுங்க.

பணம் கட்டும் முன் 5 விஷயம்

1. ராம் எவ்வளவு? பிறகு ஏற்ற முடியுமா?
2. எஸ்எஸ்டி தானா?
3. பிராசஸர் எந்தத் தலைமுறை? முழு எண்ணும் பில்லில் இருக்கா?
4. ஒரிஜினல் விண்டோஸ் 11 உடன் வருதா?
5. உங்க பின்கோடுக்கு சர்வீஸ் உண்டா?

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18%. “பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்” என்று சொன்னால் ஒத்துக்காதீங்க. சீரியல் நம்பர் போட்ட பில் இல்லை என்றால் நாளைக்கு வாரன்டி கேட்பதும் கஷ்டம், புகார் கொடுப்பதும் கஷ்டம். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அங்கேயும் முதலில் தேவைப்படுவது அந்த பில்தான்.