பளிங்கில் கண்ட எளிமை

சென்ற ஆண்டு ஜவ்வாது மலையிலிருந்து நாங்கள் தஞ்சைக்குச் சுற்றுலா சென்றோம். பெரிய கோயிலைக் கண்டு வியந்து நின்ற எங்களை, சிவகங்கைப் பூங்காவில் 1779-இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் தேவாலயத்திற்கும் ஆசிரியை அழைத்துச் சென்றார். அங்கே ஒரு வெண்பளிங்குச் சிற்பம் உள்ளது.

1798-இல் மறைந்த சுவார்ட்ஸ் பாதிரியார் அதில் மரணப் படுக்கையில் கிடக்கிறார். அவரைத் தந்தைபோல் நேசித்த இரண்டாம் சரபோஜி, அவர் கையைப் பற்றி நிற்கிறார். அருகே பள்ளிச் சிறுவர்கள். அழுது புரள்வோர் இல்லை, பூவேலைப்பாடும் இல்லை. ஆயினும் எங்கள் கண்கள் கலங்கின.

இதன் காரணத்தை அறிய விரும்பினோம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் சுருள் சுருளான பொன் அலங்காரங்கள் மிகுந்திருந்தன. 1748-இல் இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரை அகழத் தொடங்கினர். பண்டைய ரோமரின் ஓவியங்களும் பாத்திரங்களும் வெளிப்பட்டன. அமைதியும் எளிமையுமே உயர்ந்த அழகு என்று ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மான் எழுதினார். நாற்காலியின் வளைந்த கால்கள் நேராயின. சாடிகள் கிரேக்கக் கலங்களின் வடிவம் பெற்றன. இப்பாணியைப் புதுச்செவ்வியல் என்பர்.

இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் என்பவர் நீல மண்கலங்களில் வெண்ணிற உருவங்கள் பதித்து விற்றார். 1775 முதல் அவருக்கு உருவங்கள் அமைத்துத் தந்த கலைஞர்களுள் ஒருவர் ஜான் பிளாக்ஸ்மன். தஞ்சைச் சிற்பத்தை, சரபோஜியின் வேண்டுகோளின்படி, படைத்தவரும் அவரே!

ஒரு வேடிக்கையும் உண்டு. பண்டைய கிரேக்கச் சிலைகள் பல வண்ணம் பூசப்பட்டவை. காலப்போக்கில் நிறம் உதிர்ந்தவற்றைக் கண்டு, வெண்மையே அவற்றின் அழகு என அக்காலத்தோர் எண்ணினர். அது பிழை. ஆனால் மிகையை நீக்கினால் உணர்ச்சி துலங்கும் என்று அவர்கள் கண்டது பிழையன்று.

தோழியரே! எங்களுள் பலரின் வீடுகள் மண்சுவரும் கூரையும் கொண்டவை. சமவெளித் தோழியரிடம் அவற்றைப் பற்றிப் பேச முன்பு கூசினோம். சாணமிட்டு மெழுகிய திண்ணையும், தேவைக்கு மேல் ஒன்றுமில்லாத அறையும் எங்களுக்குக் குறைகளாகவே தோன்றின. தஞ்சையிலிருந்து திரும்பிய மாலை, அதே திண்ணையில் அமர்ந்து அச்சிற்பத்தைப் பற்றிப் பாட்டியிடம் கூறினோம். கூச்சம் எங்கோ போயிருந்தது.