கேர்ணல் லாபிரை நாம் எப்படி நினைவுகூர வேண்டும்?

ஜூலை மாதம் வந்தால் கேர்ணல் அஸ்லம் பஸ்லி லாபிரின் படம் என் கைப்பேசிக்கு வந்து சேரும். "முஸ்லிம்களும் இந்நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்கள்" என்ற வரியும் கூடவே வரும். ஆனால் அவர் எங்கே, எந்தச் சூழலில் உயிரிழந்தார் என்று கேட்டால் அதனைப் பகிரும் இளைஞர்கள் பலருக்குப் பதில் தெரியாது. முரசுமோட்டை ஊடாகச் செல்லும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் வியாபாரத்துக்காக அடிக்கடி போய்வருபவன் என்ற வகையில் அதனை இங்கு விளக்க விரும்புகிறேன்.

1996 ஜூலை 18 அதிகாலை, 'ஓயாத அலைகள்' என்ற பெயரில் விடுதலைப் புலிகள் முல்லைத்தீவு இராணுவ முகாமைத் தாக்கினர். முகாமில் 1,200க்கும் அதிகமான படையினர் இருந்தனர். சுற்றியிருந்த வன்னி நிலம் முழுவதும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. முரசுமோட்டை வழியான இந்த வீதியும் அவர்களிடமே இருந்தது. எனவே உதவிப் படை கடலாலோ வானாலோதான் வர முடியும். கடல்வழி வந்த 'ரணவிரு' கப்பலைக் கடற்புலிகள் மூழ்கடித்தனர். விசேட படையணியினர் முல்லைத்தீவுக்குத் தெற்கே, அளம்பில் பகுதியில் ஹெலிகொப்டர்கள் மூலம் இறக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிச் சென்ற லாபிர் அந்தச் சமரிலேயே உயிரிழந்தார். முகாமை மீட்க முடியவில்லை. நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது.

அந்த முகாமில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் திரும்பவில்லை. பலரது உடல்கள்கூட வீடு சேரவில்லை. புலிகள் தரப்பிலும் 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த வாரமே ஆனையிறவிலிருந்து இராணுவம் 'சத்ஜய' நடவடிக்கையைத் தொடங்கியது. பரந்தன், முரசுமோட்டை, கிளிநொச்சிப் பகுதி மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்று உள்ளிட்ட முல்லைத்தீவு முஸ்லிம் கிராமங்களும் அதில் அடங்கும். லாபிர் முல்லைத்தீவில் விழுந்தபோது அம்மண்ணின் முஸ்லிம்களுக்குச் சொந்த வீட்டில் கால்வைக்கும் உரிமை இருக்கவில்லை.

2019 ஏப்ரலுக்குப் பின்னர் எம்மீது சந்தேகப் பார்வை விழுந்தபோது, லாபிரின் பெயரை ஓர் அத்தாட்சிப் பத்திரம் போல நீட்டினோம். அதன் பின்னிருந்த அச்சம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பிரஜையின் உரிமை, அவனுடைய சமூகத்தில் எத்தனை பேர் போரில் இறந்தார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. இன்னொருவரின் மரணத்தைக் காட்டித்தான் நாம் இந்நாட்டவர் என்று நிரூபிக்க வேண்டும் என்றால், அந்தக் கேள்வியே பிழையானது.

முரசுமோட்டையில் நான் பழகும் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் வேறுவிதமாக ஒலிக்கும். பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களோடு வியாபாரம் செய்து, ஒன்றாகத் தேநீர் குடித்துவிட்டு, எம்முடைய இழப்பை மட்டும் வெற்றிக் கோஷமாக்குவது நியாயமில்லை. அதற்காக லாபிரைப் பற்றி வாய்திறக்காமல் இருக்கவும் தேவையில்லை. தன்னுடைய படையினரை மீட்கச் சென்று உயிர்விட்ட ஒரு தளபதி அவர்.

இவ்வருடம் அவரது படத்தைப் பகிர்பவர்கள் முல்லைத்தீவில் நடந்ததையும், வெளியேற்றப்பட்ட எமது மக்களையும், இடம்பெயர்ந்த வன்னி மக்களையும் சேர்த்தே எழுதுங்கள். எமது பிள்ளைகள் அந்த வரலாற்றை முழுமையாக அறியட்டும்.