அகுர மஸ்தாவுக்கு எத்தனை மரக்கால்?

பழைய பாரசீகப் பேரரசு என்றாலே, அதன் மதம் ஜரதுஷ்டிரர் நிறுவிய மதம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த அரசின் கணக்குப்பிள்ளைகள் எழுதி வைத்ததைப் புரட்டினால், விஷயம் அத்தனை சுலபமாக இல்லை.

1933-34இல் ஈரானின் பெர்செபொலிஸ் கோட்டைச் சுவரோரம் தோண்டியபோது, ஆயிரக்கணக்கான களிமண் வில்லைகள் கிடைத்தன. பல வில்லைகள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முடிச்சிட்ட நூலைச் சுற்றி ஈரமண்ணை அப்பி, காயும் முன் எலாமிய மொழியில் ஆப்பெழுத்தைக் குத்தியிருக்கிறார்கள். கி.மு. 509 முதல் 493 வரையிலான பண்டகசாலைக் கணக்கு அது. யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு திராட்சை மது என்று பதிந்திருக்கிறது. பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்குக் கூடுதல் படி உண்டு. அதிலும் ஆண் குழந்தை என்றால், பெண் குழந்தைக்குக் கொடுத்ததைப் போல் இரு மடங்கு!

தெய்வங்களுக்கும் அதே கணக்கில்தான் படியளப்பு. பாரசீகர்களின் பெருந்தெய்வமான அகுர மஸ்தாவுக்குப் பங்கு உண்டு. மலைகளுக்கும் ஆறுகளுக்கும்கூட உண்டு. ஆனால் ஹும்பன் என்ற பழைய எலாமியத் தெய்வத்துக்குப் போன தானியம், அகுர மஸ்தாவுக்குப் போனதைவிட அதிகம். அரசுச் செலவில்தான் இவ்வளவும்.

இத்தனைக்கும் அப்போது அரியணையில் இருந்தவர் முதலாம் டாரியஸ், தமிழ் பைபிளில் வரும் தரியு. பெகிஸ்துன் பாறையில் மூன்று மொழிகளில் அவர் வெட்டுவித்த கல்வெட்டு, அகுர மஸ்தாவின் அருளை மூச்சுக்கு மூச்சு சொல்கிறது. ஜரதுஷ்டிரரின் பெயரோ அதில் இல்லை; டாரியஸ் வம்சத்தின் வேறெந்தக் கல்வெட்டிலும் இல்லை. பேரரசை நிறுவிய சைரஸ் இன்னும் ஒரு படி மேலே. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்ததும், மர்தூக் தெய்வமே தன்னைத் தேர்ந்தெடுத்ததாக உருளைக் களிமண்ணில் எழுத வைத்தார். யூதர்களின் வேதத்தில் அவரே கர்த்தர் அபிஷேகம் செய்த கோரேசு. ஊருக்கு ஊர் உள்ளூர்த் தெய்வத்தின் பெயரால் ஆள்வதை இன்று சகிப்புத்தன்மை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அது கெட்டிக்கார நிர்வாகமாகவே தெரிகிறது.

ஜரதுஷ்டிரர் வாழ்ந்த காலம் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கணிப்புகளுக்கு நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. அவர் பெயரால் வழங்கும் காதா பாடல்களின் மொழி மட்டும் ரிக் வேத மொழிக்கு அக்காள் தங்கை முறை. ரிக் வேதத்தில் ‘அசுர’, காதாவில் ‘அகுர’. வேடிக்கை என்னவென்றால், நம் பக்கம் அசுரன் கெட்டவனாகிவிட்டான். அந்தப் பக்கம் ‘தேவ’ என்ற சொல்லுக்குப் பேய் என்று பொருளாகிவிட்டது.

நெருப்பு, நீர், மண் மூன்றையும் பிணத்தால் தீட்டாக்கக் கூடாது என்பது பிற்காலத்தில் இந்த மதத்தின் கடுமையான விதி. உடலைப் பறவைகளுக்கு விட்டுவிடும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ஆனால் சைரஸுக்குப் பசர்காதேயில் கல்லறை இருக்கிறது; டாரியஸுக்கு நக்‌ஷ்-இ-ருஸ்தம் குன்றில் குடைந்த கல்லறை இருக்கிறது. மண்ணில் படாமல் கல்லுக்குள் வைத்ததால் விதி மீறவில்லை என்று வாதாடுவோரும் உண்டு.

இந்த மதம் அரசின் கையோடு கைகோத்து நின்றது, கி.பி. 224 முதல் 651 வரை ஆண்ட சாசானியர் காலத்தில். டாரியஸுக்குப் பிறகு ஏழு நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருந்தது. அப்போது கர்தீர் என்ற தலைமைக் குரு, யூதர், பௌத்தர், பிராமணர், கிறிஸ்தவர் எல்லோரையும் ஒடுக்கியதைப் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்தார். வேதத்தைப் போலவே எழுதாக்கிளவியாக வாய்வழி வந்த மறைநூலான அவெஸ்தாவை எழுத்தில் பிடிக்கத் தனி வரிவடிவம் உண்டானதும் சாசானியர் ஆட்சியில்தான். அவர்கள் வீழ்ந்தபின் குஜராத் கரை சேர்ந்த ஜரதுஷ்டிர மதத்தாரின் வழிவந்தோரே பார்சிகள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் அவர்கள் 57,264 பேர். சென்னை ராயபுரத்தில் அவர்களுக்கு 1910இல் கட்டிய நெருப்புக் கோயில் உண்டு. மற்ற மதத்தார் உள்ளே போக முடியாது.

அந்தக் களிமண் வில்லைகளுக்கும் ஒரு வழக்கு வந்தது. 1930களில் ஆய்வுக்காகச் சிகாகோவுக்கு இரவல் போனவை அவை. 1997 ஜெருசலேம் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்கள், அதற்குப் பொறுப்பாக ஈரான் தர வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் விதித்த இழப்பீட்டுக்கு ஈடாக அவற்றைப் பறிமுதல் செய்யக் கேட்டார்கள். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறு ஆண்டு 1,783 வில்லைகள் ஈரானுக்குத் திரும்பின, வாற்கோதுமைக் கணக்கும் ஹும்பனின் பங்குமாக.