பிழைப் பதிவேட்டைப் படிப்பவர் யார்?

'சர்வர் டவுன்' என்னும் இரண்டு சொற்கள் இன்று ஏறக்குறைய ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டன. வங்கியிலும், பத்திரப் பதிவு அலுவலகத்திலும், இ-சேவை மையத்திலும் அச்சொற்களைக் கேட்டவுடன் வரிசையில் நிற்பவர்கள் கலைந்து போகிறார்கள். மழையையோ வெயிலையோ எவரும் காரணம் கேட்பதில்லை. அதுபோல இதற்கும் எவரும் காரணம் கேட்பதில்லை. சேவை நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. வலையமைப்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம், மென்பொருளில் குறை இருக்கலாம், மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம். ஆனால், பழுது கணினியின் வன்பொருளில் இருக்கும்போது, அந்த இயந்திரம் பல நேரங்களில் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சொன்னதை நாள், நேரம், இடம் குறித்து எழுதியும் வைக்கிறது. படிப்பதற்குத்தான் ஆளில்லை.

வழங்கிக் கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். இது தொழில்நுட்பர்கள் மட்டும் அறிந்தால் போதும் என்று ஒதுக்கக்கூடிய செய்தியன்று. நம் நிலப் பத்திரம், மருத்துவக் குறிப்பு, ஓய்வூதியக் கணக்கு அனைத்தும் இத்தகைய இயந்திரங்களின் நினைவகத்தில்தான் குடியிருக்கின்றன.

கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு தகவலும் 0 அல்லது 1 என்னும் பிட்களாக, நுண்ணிய மின்னூட்டங்களாகத் தேக்கி வைக்கப்பட்டுள்ளது. அம்மின்னூட்டம் சில நேரங்களில் தானாகவே மாறிவிடும். 1970-களின் இறுதியில் இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டறிந்தார்கள். சில்லுகளைப் பொதிந்திருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த மிக நுண்ணளவான கதிரியக்கப் பொருள் வெளியிட்ட ஆல்ஃபா துகள்கள் பிட்களைப் புரட்டிக் கொண்டிருந்தன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் விளைவாகவும் இது நேரும். சில்லு மெல்ல மெல்லத் தேய்ந்து பழுதாவதாலும் நேரும்.

ஒரு பிட் புரண்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஸ்கார்பேக் நகராட்சியில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லாத எண்ணிக்கையில் வாக்குகள் பதிவாகியிருந்தன. மறுபடி எண்ணிப் பார்த்தபோது, கூடுதலாக வந்தவை சரியாக 4,096 வாக்குகள். அது 2-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் கிடைக்கும் எண். அதாவது, ஒரே ஒரு பிட்டின் மதிப்பு. மென்பொருளில் குறை எதுவும் காணப்படாத நிலையில், நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே நிபுணர்கள் வந்தார்கள். எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால் தவறு பிடிபட்டது. புரண்டது சிறிய மதிப்புள்ள பிட்டாக இருந்திருந்தால் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்த ஆபத்துக்கு மருந்து முன்னரே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமிங், 1950-இல் பிழை திருத்தும் குறியீட்டு முறையை வெளியிட்டார். அதன் வழிவந்த முறை ஒன்றின்படி, வழங்கிக் கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு 64 பிட் தகவலுடனும் 8 சரிபார்ப்பு பிட்கள் சேர்த்து வைக்கப்படுகின்றன. ஒரு பிட் புரண்டால் எந்த பிட் புரண்டது என்று கண்டு அதை உடனே திருத்திவிடலாம். இரண்டு பிட்கள் புரண்டால் திருத்த இயலாது. ஆனால், தவறு நேர்ந்தது என்று அறிய முடியும். நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான கணினிகளில் இவ்வசதி இல்லை. வழங்கிக் கணினிக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிழை வெற்றிகரமாகத் திருத்தப்பட்டால் பயன்படுத்துவோருக்கு எதுவுமே தெரியாது. திரையில் எச்சரிக்கை வராது, வேலை நிற்காது. ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்தின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டால் தரை நனையாது. தரை நனையவில்லை என்பதற்காகக் கூரை சரியாக இருக்கிறது என்று பொருளாகாது. பாத்திரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை நிரம்புகிறது என்பதை ஒருவர் கவனிக்க வேண்டும். 'திருத்தப்பட்ட பிழை' என்னும் பதிவு அந்தப் பாத்திரத்தின் கணக்கு.

கூகுள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து பியாங்கா ஷ்ரோடரும் அவருடன் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகளும், 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ராம் பலகைகளும் திருத்தத்தக்க பிழை ஒன்றையாவது சந்தித்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை காஸ்மிக் கதிர் போன்ற தற்செயல் நிகழ்வுகள் அல்ல. பொருளிலேயே உள்ள நிலையான பழுதுகள். இன்னொரு கண்டுபிடிப்பு அதைவிட முக்கியமானது. திருத்த முடியாத பிழைகளுள் 70 முதல் 80 சதவீதம் நேர்ந்தபோது, அதே மாதத்திலோ அதற்கு முந்தைய மாதத்திலோ அதே பலகையில் திருத்தத்தக்க பிழை பதிவாகியிருந்தது. பெரும் பழுதுக்கு முன்னால் சிறு முணுமுணுப்பு இருந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

அந்த முணுமுணுப்பு எங்கே எழுதப்படுகிறது? ஒரே இடத்தில் அல்ல. முதலாவது, நுண்செயலிக்குள்ளேயே உள்ள பதிவகங்கள். அவற்றை இயங்குதளம் படித்துத் தன் நிகழ்வுப் பதிவில் சேர்க்கிறது. லினக்ஸில் ராஸ்டீமன் போன்ற நிரல் இவற்றைத் திரட்டித் தரும். விண்டோஸில் நிகழ்வுப் பட்டியலில் 'ஹியா' என்ற பெயரின் கீழ் இவற்றைக் காணலாம். இரண்டாவது, வழங்கிக் கணினிக்குள் தனியே இயங்கும் மேலாண்மைக் கட்டுப்பாட்டகம். அது தனக்கென நினைவகமும் வலை இணைப்பும் கொண்ட சின்னஞ்சிறு கணினி. தலைமைக் கணினி நின்றுபோனாலும் மின் இணைப்பு உள்ளவரை அது விழித்திருக்கும். 1998-இல் வெளியான ஐபிஎம்ஐ என்னும் பொதுநெறியின்படி, மின்வழங்கி, விசிறி, வெப்பம், நினைவகம் பற்றிய செய்திகளை 16 பைட் நீளமுள்ள சிறு குறிப்புகளாக அது எழுதி வைக்கிறது. மூன்றாவது, வன்தட்டுகள். ஒவ்வொரு தட்டும் தான் கைவிட்ட பகுதிகளின் எண்ணிக்கை உள்ளிட்ட தன் உடல்நிலைக் குறிப்பைத் தன்னிடமே வைத்திருக்கிறது.

மூன்றையும் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. சில கணினிகளில், திருத்தப்பட்ட பிழைகளைத் தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளே முதலில் பெற்றுக்கொள்ளும். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டும்வரை இயங்குதளத்துக்கு அது தெரிவிப்பதில்லை. எனவே, இயங்குதளத்தின் பதிவு வெறுமையாக இருப்பது நலத்துக்குச் சான்றாகாது. மேலாண்மைக் கட்டுப்பாட்டகத்தின் பதிவேடோ அளவில் சிறியது. பல கணினிகளில் அது நிரம்பிவிட்டால் புதிய குறிப்புகள் ஏற்கப்படாமல் போகும். பல ஆண்டுகளாக எவரும் திறந்து பார்க்காத பதிவேட்டில், நேற்றைய பழுதுக்கு இடமே இல்லாமல் போய்விடலாம்.

எடுக்கும் முறையிலும் ஒழுங்கு தேவை. கணினி உறைந்து நின்றவுடன் மின்கம்பியைப் பிடுங்கிச் செருகுவது நம் பொதுவழக்கம். நுண்செயலியின் பிழைப் பதிவகங்கள், மின்சாரத்தைத் துண்டிக்காமல் மறுதொடக்கம் செய்தால் தம் செய்தியைக் காத்து வைத்திருக்கும். மின்சாரம் முற்றிலும் நின்றால் அது அழிந்துவிடும். மீண்டும் எழுந்த இயங்குதளம், சென்ற முறை என்ன நேர்ந்தது என்று படித்துச் சொல்லும் வசதி பல கணினிகளில் உண்டு. கம்பியைப் பிடுங்குபவர் அந்தச் சாட்சியின் வாயை அடைத்துவிடுகிறார். முதலில் மேலாண்மைக் கட்டுப்பாட்டகத்தின் வழியே பதிவுகளை எடுத்து வேறொரு கணினியில் சேமிக்க வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்தாத மறுதொடக்கம். பிறகு இயங்குதளத்தின் பதிவு. மின் துண்டிப்பு கடைசி வழி.

எடுத்ததைப் பொருள்கொள்வது அடுத்த படி. இன்டெல் நுண்செயலியின் பிழைநிலைப் பதிவகம் 64 பிட் நீளமுள்ள ஓர் எண். பார்ப்பதற்கு மந்திர எழுத்துப்போல் இருந்தாலும், அதன் மேல் பகுதியில் உள்ள பிட்கள் எளிய வினாக்களுக்கான ஆம், இல்லை விடைகளே. இந்தப் பதிவு செல்லத்தக்கதா? இதைப் படிப்பதற்குள் இன்னொரு பிழையும் நேர்ந்ததா? பிழை திருத்தப்படாமல் விடப்பட்டதா? நேர்ந்த இடத்தின் முகவரி கிடைத்துள்ளதா? நுண்செயலியின் நிலையே குலைந்திருக்கக் கூடுமா? கடைசி 16 பிட்கள் பிழை எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்கின்றன. நினைவகப் பிழையாயின் எந்த வழித்தடத்தில் நேர்ந்தது என்பதும் பெரும்பாலும் அதில் தெரியும்.

ஒரு குறிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறு. ஆறு மாதத்தில் ஒரே ஒரு திருத்தப்பட்ட பிழை என்றால் குறித்துக்கொண்டு காத்திருக்கலாம். ஒரே முகவரியில் மீண்டும் மீண்டும் பிழை வந்தால் அந்த இடம் பழுதாகி வருகிறது. ஒரே வழித்தடத்தில் உள்ள பல பலகைகளிலும் பிழை வந்தால் ஐயம் பலகையைவிட்டு, செருகுவாயின் மீதும் நுண்செயலியின் மீதும் திரும்ப வேண்டும். ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. ஐயத்துக்குரிய பலகையை வேறு செருகுவாய்க்கு மாற்றிப் பாருங்கள். பிழை பலகையுடன் நகர்ந்தால் குற்றம் பலகையுடையது. பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் இடத்துடையது. இச்சோதனையைச் செய்யாமல் புதிய பலகைகளை வாங்கி மாட்டி, மறுபடியும் அதே பழுதைச் சந்திக்கும் அலுவலகங்கள் உண்டு.

இந்தப் பதிவுகள் அனைத்தையும் அறிந்தவையும் அல்ல. கூகுள் நிறுவனம் 2007-இல் 1 லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், பழுதான தட்டுகளுள் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை தம் உடல்நிலைக் குறிப்பில் எந்த அறிகுறியையும் காட்டவில்லை. பிழையே அறிவிக்காமல் தவறாகக் கணக்கிடும் நுண்செயலிகளும் உண்டு. சில ஆயிரம் கணினிகளுக்கு ஒரு சில என்ற அளவில் அவை தென்படுவதாக அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2021-இல் எழுதினார்கள். ஆகவே, பிழைப் பதிவேட்டைப் படிப்பது தகவல்களின் மறுபடியை வேறிடத்தில் எடுத்து வைப்பதற்கு மாற்றாகாது. அறிகுறி இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், அறிகுறி எழுதப்பட்டிருந்தும் பார்க்காமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நான் கவனித்த வரையில், பார்க்காமல் விடுவதற்குக் காரணம் அறியாமையைவிடப் பொறுப்பின் வரையறை இல்லாமைதான். இயந்திரத்தை விற்றவர் ஒருவர். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் இன்னொருவர். மென்பொருள் எழுதியவர் மூன்றாமவர். பயன்படுத்தும் அலுவலகம் நான்காவது. பழுது நேர்ந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட முடியும். அப்போது நடுவராக நிற்கக்கூடிய ஒரே சான்று பிழைப் பதிவுதான். அதுவும் பல இடங்களில் பாகத்தை மாற்ற வருபவரின் கையாலேயே அழிக்கப்படுகிறது. பதிவேட்டைச் சுத்தம் செய்வது வழக்கமான வேலை என்பதால் எவரும் அதைத் தவறாக எண்ணுவதும் இல்லை. எச்சரிக்கை முன்னமே வந்திருந்ததா என்ற கேள்விக்கு அதன்பின் விடை கிடைக்காது. கடைசியில் பழி பெரும்பாலும் விழுவது மக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை ஊழியர் மீதுதான்.

பெரிய செலவின்றி மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, பொதுநிறுவனங்கள் எழுதும் பராமரிப்பு ஒப்பந்தத்தில், பிழைப் பதிவுகள் நிறுவனத்தின் உடைமை என்றும், படியெடுத்து ஒப்படைக்காமல் அவற்றை அழிக்கக்கூடாது என்றும் ஒரு வரி இடம்பெற வேண்டும். இரண்டாவது, மாதம் ஒருமுறை பதிவுகளைப் படித்துக் கையொப்பமிடும் பொறுப்பு, பெயர் குறிப்பிட்ட ஒருவரிடம் இருக்க வேண்டும். மூன்றாவது, பெருஞ்சேவை ஒன்று நின்றுபோனால், பின்னர் வெளியிடும் விளக்கத்தில் இயந்திரம் முன்னரே எச்சரித்ததா என்ற வினாவுக்கு விடை இருக்க வேண்டும்.

சிறிய அலுவலகங்களில் இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்பது நியாயமே. அதற்காகத்தான் மேலாண்மைக் கட்டுப்பாட்டகங்களில், பிழை நேர்ந்தவுடன் தாமாகவே மின்னஞ்சல் அனுப்பும் வசதியைத் தயாரிப்பாளர்கள் பலர் தந்திருக்கிறார்கள். பல இடங்களில் அதில் ஒரு முகவரியைக்கூட எவரும் நிரப்பியிருப்பதில்லை. கட்டுப்பாட்டகத்தின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இரண்டு பதிவுகளின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் எது முன், எது பின் என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

பல மைல் தூரம் பேருந்தில் வந்து, கூலியை இழந்து, வரிசையில் நின்று திரும்பிச் செல்பவருக்கு 'சர்வர் டவுன்' என்பது ஒரு நாள் இழப்பு. அந்த இழப்பு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தும் தடுக்கப்படவில்லையென்றால், அதை இனியும் இயந்திரத்தின் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.