பொருத்தமும் மெருகும்

செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பெயர் பெற்ற ஊர் நம் திருச்சி. அதனாலோ என்னவோ, எந்தப் பொருளையும் பளபளப்பைக் கொண்டு எடை போடுவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால், 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கப்பட்டதும் இதே ஊரில்தான். அங்கே பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியிலேயே குடியிருக்கிறார். பளபளப்பு வேறு, பொருத்தம் வேறு என்று அவரிடம் நான் கற்ற பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் சித்தப்பா நகை வியாபாரி. இரவில் பணத்தோடு காவிரிப் பாலம் கடந்து வீடு திரும்புகிறவர். முறைப்படி உரிமம் பெற்று, .32 அங்குலக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ. போன்ற ராணுவ அளவுகள் பொதுவாகத் தனியாருக்குக் கிடைப்பதில்லை, ஆகவே பலரும்.32-ஐத்தான் நாடுகிறார்கள்.

வாங்கிய அன்றே அவர் முகம் வாடிவிட்டது. குலுக்கினால் கடகடவென்று ஒலி. உள்ளே கடைசல் இயந்திரத்தின் கோடுகள். ஸ்லைடைப் பின்னால் இழுக்கவோ பெரும் பலம் வேண்டியிருந்தது. "ஏமாந்துட்டேன்டா! தெரிஞ்ச பட்டறையிலே நிக்கல் முலாம் பூசிட்டா இறுக்கமாவும் இருக்கும், பளபளன்னும் இருக்கும்" என்றார். இயற்பியல் மாணவனான எனக்கும் அது சரியென்றே பட்டது. எதற்கும் ஃபிட்டர் ஐயாவைக் கேட்போம் என்று அழைத்துச் சென்றேன்.

ஐயா முதலில் மேகசினைக் கழற்றச் சொன்னார். குழலில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்த பிறகே துப்பாக்கியைக் கையில் வாங்கினார்.

"இந்த ஆட்டம் குறையில்லீங்க, வேணும்னே விட்ட இடைவெளி" என்றார். சுடும்போது ஸ்லைடு பிரேமின் தண்டவாளத்தில் பின்னோடி முன்வருகிறது. புகைக்கரி, தூசி, பழைய எண்ணெய் எல்லாம் அந்த வழியில்தான் சேரும். இடைவெளி இல்லையேல் ஸ்லைடு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

பெரிய துப்பாக்கியைவிடச் சிறியதில் இந்தத் தொல்லை அதிகம். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வெளியிட்ட 1900-ஆம் ஆண்டு மாதிரி, அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. அது முதல், இந்த அளவுத் துப்பாக்கிகள் பலவற்றில் ஸ்லைடைப் பூட்டிவைக்கும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விசையுமே வெடிப்பின் உதைப்பைத் தாங்க வேண்டும். சட்டைக்குள் அடங்க உருவத்தைக் குறைத்தால் ஸ்லைடின் எடை குறைகிறது. அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறார்கள். சித்தப்பாவின் கை வலித்த காரணம் அதுதான். ஸ்லைடு ஓடும் தூரமும் குறைவாதலால், அடுத்த தோட்டா மேலேறக் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. உராய்வு சற்றே கூடினாலும் ஓட்டம் தடைப்படும்.

அடுத்து முலாம். ஐயா என்னிடமே கணக்கைக் கேட்டார். ஒரு பரப்பில் 0.02 மி.மீ. முலாம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். தண்டவாளத்தின் இரு பக்கத்திலும் சேர்ந்து 0.04 மி.மீ. தடிக்கும். அது நுழையும் பள்ளம் 0.04 மி.மீ. ஒடுங்கும். மொத்த இடைவெளி நம் நோட்டுத் தாளின் கனமளவு, அதாவது 0.1 மி.மீ. இருந்தால், எஞ்சுவது 0.02 மட்டுமே! கணக்கை முடித்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. தவிர, உரிமம் பெறாத பட்டறையில் துப்பாக்கியைச் செப்பனிடக் கொடுப்பது சட்டப்படி குற்றம்.

"அப்போ கருப்புப் பூச்சு மட்டும் எதுக்கு?" என்று கேட்டார் சித்தப்பா. அது மேலே பூசியதன்று. இரும்பின் மேற்பரப்பே மெல்லிய கருப்பு ஆக்சைடாக மாற்றப்பட்டது. இடைவெளியை அது தின்பதில்லை. ஆனால் தானாகத் துருவைத் தடுக்கும் வலிமை அதற்குக் குறைவு. எண்ணெயைப் பிடித்துவைத்தே காக்கிறது. இடுப்பில் செருகினால் வியர்வையின் உப்பு, பையிலிட்டால் துணியின் பஞ்சு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் நமக்குக் காற்றின் ஈரம் வேறு. நாள்தோறும் துடைத்து, மெல்லிய எண்ணெய் இடுவதே மருந்து.

உள்ளே இருந்த கோடுகளைக் கண்டு ஐயா கவலைப்படவில்லை. ஆனால் தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவை விரலால் தடவியவர், ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு சிறு பிசிறு. "கவலைப்பட வேண்டியது இதுக்குத்தான். தோட்டா இதிலே முட்டி நிக்கும். ஆபத்து நேரத்திலே நின்னா என்ன ஆகும்?" சித்தப்பா பதில் சொல்லவில்லை.

மறுநாளே உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கொடுத்து அந்தப் பிசிறைச் சரிசெய்தார். கடகட ஒலி இன்றும் இருக்கிறது. சித்தப்பா அதைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை.

நண்பர்களே! கண்ணில் பட்ட மூன்று குறைகளுமே குறைகள் அல்ல. கண்ணில் படாத ஒன்றே குறை. அதை நீக்கியிருக்க முடியாத முலாமுக்குத்தான் நாங்கள் பணம் செலவழிக்க இருந்தோம். விரல் வைத்துப் பார்க்கும் முன் ஒரு பொருளைப் பழிப்பதும் புகழ்வதும் அறிவியல் மாணவனுக்கு அழகல்ல.