பாம்பு முட்டையைத் திருப்பாதே!

கோழி அடைகாப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பு முட்டைகளை வீட்டிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் சிறுவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அவனிடம் ஒரு பாடமும் கற்றுக்கொண்டேன்!

2019-ம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கச் சிறுவன். ஏழாம் வகுப்பு மாணவன். நான் இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியர் என்று தெரிந்ததும், "என் பாம்பு முட்டை போட்டிருக்கிறது. பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? போனேன்.

எலி பிடிக்கும் அழகன்

அவன் வளர்த்தது 'கார்ன் ஸ்நேக்' என்னும் இனம். 'மக்காச்சோளப் பாம்பு' என்று நாம் சொல்லலாம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிதான் இதற்குத் தாயகம். நஞ்சு கிடையாது. வளர்ந்த பாம்பு 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். ஆரஞ்சு நிற உடம்பில் சிவப்புத் திட்டுகள். மக்காச்சோளக் களஞ்சியங்களுக்கு எலி பிடிக்க வருவதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். அடிவயிற்றில் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சோள மணிகளைப் போல இருப்பதால் வந்தது என்றும் சொல்வார்கள்.

இந்தத் தாய்ப் பாம்பு அடைகாக்காது. காட்டில் உளுத்த மரத்திலோ சருகுக் குவியலிலோ முட்டையிட்டுவிட்டு, தன் வழியே போய்விடும். வெயிலின் சூடும் மண்ணின் ஈரமும்தான் மீதி வேலையைப் பார்க்கும். வீட்டில் அந்த வேலையைச் செய்ய யாராவது வேண்டுமே! அதைத்தான் சிறுவன் ஏற்றுக்கொண்டிருந்தான்.

டப்பாவுக்குள் ஒரு காடு

மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. காற்று போக மூடியில் சில சின்னத் துளைகள். உள்ளே வெர்மிகுலைட் என்ற பொருளைப் பரப்பியிருந்தான். செடி வளர்ப்பவர்கள் தொட்டி மண்ணில் கலப்பார்களே, அதுதான். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே விடும். அதை ஈரமாகப் பிசறி வைத்திருந்தான். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாதாம். ஈரம் கூடினால் முட்டை அழுகிவிடும். குறைந்தால் வற்றிச் சுருங்கிவிடும்.

டப்பா முழுவதையும் ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தான். வெப்பமானியில் 28 டிகிரி செல்சியஸ். கோழி முட்டைக்கு வேண்டிய சூட்டைவிட சுமார் 10 டிகிரி குறைவு!

ஈரப் படுக்கையில் 14 முட்டைகள். வெள்ளை வெளேரென்று, சற்று நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை ஓடுபோல் கடினமானது அல்ல, தோல் போன்றது. இட்ட சில மணி நேரத்தில் முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் பிரித்தால் ஓடு கிழிந்துவிடும்.

"திருப்பாதீர்கள்!"

ஓரமாகத் தனியே கிடந்த ஒரு முட்டையைக் கோழி முட்டைபோல் திருப்பி வைக்கலாமே என்று கையை நீட்டினேன். "ஐயையோ! திருப்பாதீர்கள்!" என்று பதறிவிட்டான் சிறுவன். ஒவ்வொரு முட்டையின் மேல்புறத்திலும் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டிருந்தான். எது மேல்பக்கம் என்பது மறந்துவிடக் கூடாதாம்.

காரணத்தையும் அவனே சொன்னான். கோழி முட்டையில் மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்குக் கயிறுபோல் வெள்ளை இழைகள் இருக்கும். முட்டை உருண்டாலும் அவை கருவை நடுவிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கோழியும் தன் முட்டைகளைத் தினமும் பலமுறை புரட்டும். புரட்டாவிட்டால் உள்ளே இருக்கும் குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பாம்பு முட்டையில் அந்தக் கயிறு இல்லை. இளம் கரு மேல்பக்க ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கும். திருப்பிவிட்டால் அது மஞ்சள் கருவின் அடியில் சிக்கி இறந்துபோகலாம்.

இதைக் கேட்டதும் என் மனம் முப்பது ஆண்டுகளுக்கு முன்னே போய்விட்டது.

நான் வேலை பார்த்த பள்ளியில் தோட்டம் கொத்தியபோது மாணவர்கள் எட்டுப் பாம்பு முட்டைகளைக் கண்டெடுத்தார்கள். நான் ஒரு மண்சட்டியில் மணல் பரப்பி, அவற்றை வகுப்பறை மூலையில் வைத்தேன். தினமும் காலையில் மாணவர்கள் பார்க்க, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. "எல்லாம் கூமுட்டை" என்று சொல்லித் தூக்கி எறியச் சொன்னேன். அவை கூமுட்டைகளாக இருந்திருக்காது. கொன்றது என் கைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பொறுத்தார் கண்ட காட்சி

அதன்பின் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போனேன். ஒருநாள் அறையை இருட்டாக்கி, முட்டையை அசைக்காமல் பக்கத்தில் டார்ச் விளக்கைப் பிடித்தான். உள்ளே சிவப்பு நூல்போல் ரத்த நாளங்கள் தெரிந்தன! நாளாக ஆக முட்டைகள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்தன. ஒன்று மட்டும் மஞ்சளாகிப் பூசணம் பூத்தது. கடைசி நாட்களில் மற்றவை லேசாக அமுங்கிக் குழி விழுந்தன. பொரிக்கப் போவதற்கு அது அடையாளமாம்.

62-ம் நாள் காலை ஒரு முட்டையில் பிளேடால் கீறியதுபோல் கோடு. குட்டிப் பாம்பின் மூக்கு நுனியில் 'முட்டைப் பல்' என்ற கூரிய பல் இருக்கும். ஓட்டைக் கிழிக்க மட்டும்தான் அது. சில நாட்களில் விழுந்துவிடும். கீறல் வழியே ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டது!

"வெளியே எடுத்து விடலாமா?" என்றேன். "கூடவே கூடாது" என்றான். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குட்டி தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரமாம் அது. ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அவசரப்பட்டு இழுத்தால் இறந்துவிடும்.

மூன்று நாட்களில் 12 குட்டிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் பென்சில் கனம்தான். மீதி இருந்த ஒரு முட்டை கடைசிவரை கிழியவே இல்லை. சிறுவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நாமும் செய்யலாமா?

கூடாது, செல்வங்களே! அமெரிக்காவிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் இந்தப் பாம்பை வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். முட்டைகளைக் கலைப்பதும் குற்றம்தான். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நாகப்பாம்பின் குட்டிக்கு முட்டையை விட்டு வரும்போதே நஞ்சு உண்டு.

பாம்பு முட்டைகளைக் கண்டால் தொடாதீர்கள். தள்ளி நின்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு அருகில் என்றால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ அவர்கள் தகவல் தருவார்கள்.

அன்று என் வகுப்பில் இருந்த மாணவர்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் சொல்லுங்கள்: "சார் சொன்னது தப்பாம். அது கூமுட்டை இல்லையாம்."

தெரியுமா உங்களுக்கு?

* தாய் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து அடைகாக்கும். தசைகளைத் துடிக்கச் செய்து தன் உடல் சூட்டைக் கூட்டிக்கொள்ளும். 1841-ல் பாரீஸ் நகரில் ஒரு மலைப்பாம்பு இப்படி அடைகாத்ததை அறிவியலாளர் பதிவு செய்தார்.

* ராஜநாகம் சருகுகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடும்.

* கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும்.